போன், தனியுரிமை, பெரிய நிறுவனங்கள்: பினாங்கில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பட்டர்வொர்த், பிறை வட்டாரத்தில் கோயில் மண்டபங்களிலும் குடியிருப்பாளர் சங்கக் கூடங்களிலும் கைப்பேசி வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். கூடவே அவர்களைக் காரில் கொண்டு வந்து விட்ட பிள்ளைகளும் உட்கார்ந்துவிடுவார்கள். வகுப்பு முடிந்து மைலோ குடிக்கும் நேரத்தில்தான் மனத்தில் இருக்கும் கேள்விகள் வெளியே வரும். திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தருகிறேன். பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும்.

வீட்ல ஏர் ஃபிரையர் வாங்கலாமான்னு பேசிக்கிட்டிருந்தோம். சாயங்காலமே போன்ல விளம்பரம் வந்துடுச்சு. போன் ஒட்டுக்கேக்குதா?

இந்தக் கேள்வி வராத வகுப்பே கிடையாது. 2018-இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் அதிகமான ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கள்ளத்தனமாக மைக்கைத் திறந்து பேச்சை வெளியே அனுப்பும் செயலி ஒன்றுகூட அதில் சிக்கவில்லை. வேறொன்று சிக்கியது: சில செயலிகள் நாம் திரையில் செய்வதைப் படம் பிடித்து மூன்றாம் நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

அப்படியென்றால் ஏர் ஃபிரையர் எப்படி வந்தது? அன்று பேசிய வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மருமகள் மத்தியானமே ஷோப்பியில் விலை பார்த்திருப்பார். அவர் போனும் உங்கள் போனும் ஒரே வைஃபையில் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்க்கும் விளம்பர நிறுவனத்துக்கு இரண்டும் ஒரே வீடு. போன வாரம் நீங்கள் போய்ச் சாப்பிட்ட அண்ணன் வீட்டில் ஒன்று வாங்கியிருப்பார்கள். அவர் உங்கள் தொடர்புப் பட்டியலில் இருக்கிறார், நீங்கள் அவர் பட்டியலில் இருக்கிறீர்கள். இவ்வளவு கையில் இருக்கும்போது மைக் எதற்கு?

குரல் உதவியாளர்கள் கதை கொஞ்சம் வேறு. நாம் கூப்பிடாதபோதே ஐபோனின் உதவியாளரான சிரி விழித்துக்கொண்டு பேச்சைப் பதிவு செய்தது என்ற வழக்கில், 9 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள ஆப்பிள் 2025 ஜனவரியில் சம்மதித்தது. தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் "ஹே சிரி", "ஓகே கூகுள்" என்று கூப்பிடும் ஆள் இல்லையென்றால் அதை அணைத்துவிடுங்கள். மைக் வேலை செய்யும்போது திரையின் மேல்மூலையில் சின்னப் புள்ளி ஒன்று தெரியும். ஐபோனில் ஆரஞ்சு, புதிய ஆண்ட்ராய்டில் பச்சை. யாரோடும் பேசாதபோது அந்தப் புள்ளி எரிந்தால் எந்தச் செயலி என்று பாருங்கள்.

எங்கிட்ட மறைக்க என்னய்யா இருக்கு? எடுத்துக்கிட்டுப் போகட்டுமே!

இதைச் சொன்ன பெரியவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒளிவுமறைவு இல்லாத மனிதர்தான், சந்தேகமே இல்லை. அவர் அனுமதியோடு போனைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். தொடர்புப் பட்டியலில் "மருமகள் ஆபிஸ்", "கிட்னி டாக்டர்", "வீட்டுக்கார அம்மா தம்பி", "கோயில் பொருளாளர்". படங்களில் பேரனின் பிறப்புச் சான்றிதழ், மனைவியின் ரத்தப் பரிசோதனை, மகள் வீடு வாங்கியபோது எடுத்த ஒப்பந்தப் பக்கங்கள், கோயில் வங்கிக் கணக்கின் ரசீது. அவருடைய சொந்த விவரம் என்று பார்த்தால் அதில் ரொம்பக் குறைவு. டார்ச் லைட் செயலி ஒன்றுக்குத் தொடர்புகள், படங்கள், இருப்பிடம் மூன்றையும் திறந்து விட்டிருந்தார்.

இங்கேதான் நான் எல்லாரிடமும் சண்டை போடுகிறேன். நம் வீடுகளில் போன் ஒருவருடையது, உள்ளே இருப்பது குடும்பத்தினுடையது. "எனக்குப் பரவாயில்லை" என்று நீங்கள் சொல்லும்போது மருமகளுக்கும் பேரனுக்கும் சேர்த்துச் சொல்கிறீர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. ஆன்லைனில் கடன் கொடுக்கும் ஆ லோங் எனும் கந்துவட்டிக் கும்பல்கள் இதை நன்றாகப் புரிந்து வைத்திருக்கின்றன. கடன் செயலி முதலில் கேட்பது தொடர்புப் பட்டியலை. தவணை தவறினால் போன் உங்களுக்கு மட்டும் வராது. தங்கை கணவருக்கு வரும், பழைய முதலாளிக்கு வரும், உங்கள் முகத்தை ஒட்டிய படத்தோடு வரும்.

அடையாள அட்டை (ஐசி) எண்ணையும் கொஞ்சம் பாருங்கள். 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பினாங்கு என்றால் 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். அந்த எண் ஒரு ஆளைப் பற்றித் தானாகவே இவ்வளவு சொல்லிவிடும். 2017-இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்ததை லோயட் இணையத்தளம் வெளியே கொண்டு வந்தது. அப்போது நாட்டின் மக்கள் தொகையே மூன்றேகால் கோடியை எட்டவில்லை. பெயர், முகவரி, ஐசி எண் என்று பலதும் அதில் இருந்தன. ஆகவே போனில் ஒருவன் உங்கள் முழுப்பெயரையும் ஐசி எண்ணையும் தப்பில்லாமல் சொன்னால், அதனாலேயே அவன் போலீஸ்காரன் ஆகிவிட மாட்டான்.

அப்போ ஐசி படத்த வாட்சாப்ல அனுப்பச் சொன்னா என்ன பண்றது? வாடகை வீட்டுக்கு, வேலைக்கு, எல்லாத்துக்கும் கேக்குறாங்களே.

அனுப்பித்தான் ஆகவேண்டிய இடங்கள் இருக்கின்றன. அனுப்பும் முன் படத்தின் குறுக்கே, எண்ணின் மேலேயே படும்படி, எதற்காக என்று எழுதுங்கள்: "ஊந்தோக் துஜுவான் செவா ரூமா சஹாஜா" (வீட்டு வாடகைக்காக மட்டும்), கீழே தேதி. போனில் படத்தைத் திருத்தும் இடத்திலேயே எழுதலாம். இப்படி எழுதியதைத் திருடனால் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தவே முடியாது என்று சொல்ல மாட்டேன். அவன் வேலை கடினமாகும், அவ்வளவுதான். வேலை முடிந்ததும் இரு பக்கமும் படத்தை அழித்துவிடச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

அடுக்குமாடி வாசலில் காவலாளி ஐசியை வாங்கி வைத்துக்கொள்வது பற்றியும் கேட்பார்கள். நான் வாகன ஓட்டும் உரிமத்தைக் காட்டுவேன், கையில் கொடுக்க மாட்டேன். அந்தத் தடித்த நோட்டில் எனக்கு முன்னால் வந்த அத்தனை பேரின் பெயரும் எண்ணும் திறந்து கிடக்கும். அடுத்து வருபவர் என்னுடையதைப் பார்ப்பார். கூகுளைத் திட்டிக்கொண்டே அந்த நோட்டில் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

வாட்சாப்ல எழுதுறத மேட்டா படிக்குமா?

மேட்டா என்பது ஃபேஸ்புக் நிறுவனத்தின் இன்றைய பெயர், வாட்சாப்பும் அதனுடையது. செய்தியின் உள்ளடக்கத்தை அதனால் படிக்க முடியாது. 2016-லிருந்து வாட்சாப் செய்திகள் இரு முனைக் குறியாக்கத்தோடு போகின்றன. அனுப்பியவர் போனிலும் பெற்றவர் போனிலும் மட்டுமே திறக்கும். ஆனால் யாரோடு, எப்போது, எவ்வளவு அடிக்கடி என்பது நிறுவனத்துக்குத் தெரியும். யார் எண்கள் உங்கள் பட்டியலில் இருக்கின்றன என்பதும் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு மருத்துவமனை எண்ணோடு பேசினீர்கள் என்று தெரிந்தால், என்ன பேசினீர்கள் என்பது பாதி தெரிந்த மாதிரிதான்.

ஃபேஸ்புக் 2014-இல் வாட்சாப்பை வாங்க 1,900 கோடி டாலர் விலை பேசியது. மாதச் சந்தா கேட்காத செயலிக்கு அவ்வளவு விலை எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். 2021 ஜனவரியில் புதிய நிபந்தனைகளை ஒப்புக்கொள்ளச் சொன்னபோது உலகம் முழுக்கப் பலர் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் ஓடினார்கள். எங்கள் சொந்தக்காரர் குழுவும் சிக்னலுக்குப் போனது. சித்தி வரவில்லை. சித்தி இல்லாத குழுவில் சண்டையும் இல்லை, சமையல் குறிப்பும் இல்லை, ஆகவே யாரும் பேசவில்லை. கொஞ்ச நாளில் எல்லாரும் வாட்சாப்புக்கே திரும்பினோம். பெரிய நிறுவனங்களின் பலம் அவர்கள் சர்வரில் இருப்பதாக எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அது சித்தியிடம் இருக்கிறது.

வாட்சாப்பிலேயே இருங்கள், ஆனால் மூன்று காரியம் செய்யுங்கள். வாட்சாப் அமைப்பில் (செட்டிங்ஸ்) போய் இரண்டு படிச் சரிபார்ப்பு எண்ணைப் போடுங்கள். நம் ஊரில் வாட்சாப்பைப் பறிகொடுத்தவர்கள் பலர் எஸ்எம்எஸ்ஸில் வந்த ஆறு இலக்க எண்ணை "தெரிந்தவர்" கேட்டார் என்று சொல்லிக் கொடுத்தவர்கள்தான். இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கணினி இருந்தால் நீக்குங்கள். மூன்றாவது, காப்புப் பிரதி. செய்திகள் குறியாக்கத்தோடு போனாலும், கூகுளிலோ ஐகிளவுடிலோ சேமிக்கப்படும் பிரதிக்கு அந்தப் பூட்டை நீங்கள்தான் தனியாகப் போட வேண்டும். கடவுச்சொல்லை மறந்தால் வாட்சாப்பாலும் மீட்டுத் தர முடியாது. பெரியவர்களிடம் நோட்டில் எழுதி அலமாரியில் வைக்கச் சொல்கிறேன். வல்லுநர்கள் முகம் சுளிப்பார்கள். பிறையில் இருக்கும் வீட்டு அலமாரியைத் திறக்க ரஷ்யாவிலிருந்து யாரும் வரப்போவதில்லை.

வாட்சாப்பில் தெரியும் அந்த நீல வட்டம், மேட்டா ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர்? அதனிடம் கேட்பது மேட்டாவிடம் நேராகக் கேட்பது. பேரனிடம் பேசுவது போல அதனிடம் பேச வேண்டாம்.

டெலிகிராம் பத்திரம்னு சொல்றாங்களே?

யார் சொன்னது என்று தெரியவில்லை, ஆனால் எல்லாரும் சொல்கிறார்கள். டெலிகிராமில் சாதாரண உரையாடலுக்கு இரு முனைக் குறியாக்கம் கிடையாது. ரகசிய உரையாடல் என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு. குழுக்களுக்கு அதுவும் இல்லை.

தமிழ்ல அடிக்கத் தட்டச்சுப் பலகை போட்டேன். நீங்க அடிக்கிறதெல்லாம் சேகரிக்கப்படலாம்னு எச்சரிக்கை வருது. பயந்து எடுத்துட்டேன்.

எடுத்திருக்க வேண்டாம். வேறு நிறுவனத்தின் தட்டச்சுப் பலகை எதைச் சேர்த்தாலும் போன் அந்த எச்சரிக்கையைக் காட்டும். அந்தப் பலகை திருடுகிறது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. இருந்தாலும் எச்சரிக்கை சொல்வது உண்மைதான். நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் முதலில் பலகையின் வழியாகத்தான் போகிறது. ஆகவே யார் செய்த பலகை என்று பார்க்க வேண்டும். பெயர் தெரியாத, விளம்பரம் நிறைந்த "தமிழ் கீபோர்டு"கள் செயலிக் கடையில் ஏராளம். அவற்றைத் தொடாதீர்கள். ஐபோனில் தமிழ்ப் பலகை கூடவே வருகிறது. ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்டு பலகை இருக்கிறது. நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தொடங்கி வைத்தவர். கணினியில் தமிழ் அடித்து வளர்ந்த மலேசியர்கள் பலருக்கு அதுதான் முதல் பலகை. யார் என்று தெரிகிற, பொதுவில் முகம் காட்டுகிற ஆள் செய்த பொருள் என்றால் எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு.

வங்கிக் கடவுச்சொல் அடிக்கும்போது மட்டும் போனோடு வந்த பலகைக்கு மாறிக்கொள்ளுங்கள். ஐபோன் அந்த இடத்தில் தானே மாற்றிவிடும்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனங்கள் தரும் அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் இருக்க வேண்டும் என்று இல்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஆத்தா, பன்னிரண்டு பக்க ஆங்கிலத்தின் கீழே இருக்கும் பொத்தானை அழுத்துகிறார். சட்டத்தின் கண்ணில் அதுவும் சம்மதம். போனின் மொழியையாவது தமிழுக்கு மாற்றிக் கொடுங்கள். "உங்கள் தொடர்புகளை அணுக அனுமதிக்கவா" என்று தமிழில் கேட்டதும் அனுமதிக்காதே என்று அழுத்திய பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஐபோன் வாங்கிட்டா இந்தத் தொல்லையெல்லாம் இல்லையாமே?

விளம்பரக் கண்காணிப்பில் ஆப்பிள் ஒரு நல்ல காரியம் செய்தது. 2021 ஏப்ரலுக்குப் பிறகு, மற்ற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர விரும்பும் செயலி உங்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வேண்டாம் என்று அழுத்துங்கள், ஒன்றும் கெட்டுப் போகாது. அதே ஆப்பிள், சஃபாரியில் கூகுளைத் தேடுபொறியாக வைப்பதற்காக 2022-இல் மட்டும் கூகுளிடமிருந்து 2,000 கோடி டாலர் வாங்கியது. இது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்கு. தனியுரிமையை விற்றுக் காசு பார்க்கவில்லை என்பவர்களும் அப்படிப் பார்ப்பவரிடம் வாடகை வாங்குகிறார்கள்.

5,000 ரிங்கிட் போனுக்குக் கடன் வாங்கத் தேவையில்லை. கொம்தாரில் 700 ரிங்கிட் ஆண்ட்ராய்டு வாங்கினாலும், பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்று கேட்டு வாங்குங்கள். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதை விட அது முக்கியம். சாம்சங் இப்போது சில விலை குறைந்த மாடல்களுக்கே ஆறு ஆண்டு தருகிறது. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். அவர் "எல்லாம் ஓகே பாஸ்" என்று சொன்னால் அது பதில் ஆகாது.

கூகுள் இல்லாம வாழ முடியுமா?

முடியும், ரொம்பச் சிரமப்பட்டு. பினாங்கு பாலத்தில் நெரிசலா என்று பார்க்காமல் காலையில் தீவுக்குக் கிளம்ப உங்களுக்குத் தைரியம் இருந்தால் முயன்று பாருங்கள். 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி ஒருவர், தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்துகிறது என்று தீர்ப்பளித்தார். தன் தேடுபொறியே முதலில் இருக்க வேண்டும் என்பதற்காக 2021-இல் மட்டும் 2,630 கோடி டாலர் செலவழித்திருக்கிறது. நாமாக விரும்பி எடுத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் கையில் போன் வருவதற்கு முன்பே யாரோ அதற்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். நான் கூகுளை விடச் சொல்வதில்லை. கூகுள் மேப்ஸில் இருப்பிட வரலாற்றையும், கூகுள் கணக்கில் தேடல் வரலாற்றையும் குறிப்பிட்ட மாதங்களுக்குப் பின் தானாக அழியும்படி வைக்கச் சொல்கிறேன். ஐந்து நிமிட வேலை.

ரிப்பேர் கடையில லாக் நம்பர் கேக்குறாங்க. குடுக்கலாமா?

இதுதான் நான் நேரில் பார்த்து அதிர்ந்த விஷயம். ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் பழுதுக்கு வந்த போன்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் மஞ்சள் தாள் ஒட்டி, மார்க்கர் பேனாவில் வாடிக்கையாளர் பெயர், எண், அதன் கீழேயே திறக்கும் எண். கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்கே நான்கு பேரின் எண்ணைப் படிக்க முடிந்தது. அதில் இரண்டு 1234. கடைக்காரர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அது ரசீது மாதிரி.

திரை மாற்ற, பேட்டரி மாற்ற உங்கள் கடவு எண் தேவையில்லை. வேலை முடிந்து சோதிக்க நீங்களே வந்து திறந்து காட்டலாம். அவசியம் என்றால் சாம்சங்கில் பராமரிப்பு முறை, கூகுள் பிக்சலில் பழுதுபார்ப்பு முறை என்று உண்டு. அதைப் போட்டால் உங்கள் படங்களும் செய்திகளும் தெரியாமல் போனைச் சோதிக்கலாம். பழைய போனை விற்கும்போது கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, முழுதாக அழித்து, சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றிய பின்தான் விலை பேச வேண்டும். விலை பேசிவிட்டு அழிப்பது சரிவராது, கடையில் அவசரப்படுத்துவார்கள்.

கல்யாணப் பத்திரிக்கைன்னு வந்த ஃபைலத் தொட்டேன், வங்கிக் காசு போயிடுச்சுன்னு ஒருத்தர் சொன்னாரே, நிஜமா?

நிஜம்தான். ஏபிகே என்று முடியும் கோப்பு வந்தால் அது பத்திரிக்கை இல்லை, செயலி. நிறுவினால் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கும் அனுமதி கேட்கும். கொடுத்தால் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் நேராகத் திருடனுக்குப் போகும். இதனால்தான் 2022 செப்டம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ் எண்ணைக் கைவிட்டு வேறு வழிக்கு மாறும்படி வங்கிகளிடம் சொன்னது. செயலியில் "ஒப்புதல்" அழுத்தச் சொல்லும் முறை அப்படி வந்ததுதான். தெரியாத இடத்திலிருந்து செயலி நிறுவும் அனுமதியை அமைப்பில் மூடி வையுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த நொடியே தேசிய மோசடி உதவி மையத்தின் 997-ஐ அழையுங்கள், அல்லது வங்கியின் அவசர எண்ணை. மகன் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்; பணம் கெல்டாய் கணக்குகளில் (மோசடிக்காரர்கள் பயன்படுத்தும் பிறர் கணக்குகள்) ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும். வங்கிச் செயலியில் கணக்கை உடனே முடக்கும் பொத்தான் எங்கே என்று இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு போலீஸ் புகார். முன்பின் தெரியாதவர் கணக்குக்குப் பணம் போடும் முன் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்த எண்ணை அடித்துப் பார்க்கலாம். அங்கே ஒன்றும் வரவில்லை என்பதால் நல்லவர் என்று ஆகிவிடாது. இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பெட்ரோலுக்கு மைகாட், சாரா உதவிக்கு மைகாட். நான் என்ன வாங்குறேன்னு அரசாங்கத்துக்குத் தெரியுமா?

பெட்ரோலோ, சாரா உதவியில் வாங்கும் அத்தியாவசியப் பொருளோ, மானியத்தோடு வாங்கியது தெரியும். அதைக் கணக்கு வைக்கத்தானே மைகாட் என்ற நம் அடையாள அட்டையைச் செருகச் சொல்கிறார்கள். 2025 செப்டம்பர் கடைசியில் தொடங்கிய புடி95 பெட்ரோல் மானியத் திட்டத்தில் லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்கு ஊற்றும்போது, இன்னும் எத்தனை லிட்டர் பாக்கி என்று சொல்ல வேண்டுமானால் ஊற்றியது எவ்வளவு என்று பதிவாகியே ஆக வேண்டும்.

அதில் எனக்குப் பெரிய குறை இல்லை. குறை வேறு இடத்தில். நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. மளிகைக் கடை உங்கள் விவரத்தைத் தவறவிட்டால் பதில் சொல்ல வேண்டும். அரசாங்க இலாகா தவறவிட்டால் அதே சட்டத்தில் கேட்க முடியாது. 2025-இல் அமலுக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டம் மத்திய அரசு இலாகாக்கள் தங்களுக்குள் விவரங்களைப் பகிர்ந்துகொள்ள வழி செய்கிறது. ஒரே படிவத்தை நான்கு இடத்தில் நிரப்பிய அலுப்பு எனக்கும் உண்டு, ஆகவே அதன் வசதி புரிகிறது. பகிர்கிறவர்களைக் கேள்வி கேட்கும் சட்டமும் கூடவே வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, தனியார் நிறுவனம் தவறவிட்டா? சட்டம் பேப்பர்ல மட்டும்தானே?

2010-இல் நிறைவேறி 2013 நவம்பரில் அமலுக்கு வந்த சட்டம் அது. நீண்ட காலம் கொஞ்சம் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. கசிவு நடந்தால் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம்கூட அதில் இல்லை. 2017 கசிவை ஒரு இணையத்தளம் சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது. 2024-இல் திருத்தினார்கள். 2025 ஜூன் 1 முதல், கசிவு தெரிந்து 72 மணி நேரத்துக்குள் நிறுவனம் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் சொல்ல வேண்டும். பாதிப்பு பெரிது என்றால் அதன் பின் ஏழு நாளுக்குள் உங்களிடமும் சொல்ல வேண்டும். அதிகபட்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது.

10 லட்சம் சின்னக் கம்பெனியைப் படுக்க வைக்கும். பெரியவர்களுக்கு அது கைச்செலவு. ஐரோப்பியர்களின் விவரங்களை அமெரிக்காவுக்கு அனுப்பியதற்காக 2023-இல் அயர்லாந்து மேட்டாவுக்குப் போட்ட அபராதம் 120 கோடி யூரோ. மேட்டா இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது.

உங்களுக்கு இந்தச் சட்டத்தில் இருக்கும் உரிமைகளில் உடனே பயன்படுவது ஒன்று: விளம்பரத்துக்கு என் விவரத்தைப் பயன்படுத்தாதே என்று எழுத்தில் சொல்லலாம். காப்புறுதி விற்க விடாமல் அழைக்கும் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கோயில் வாட்சாப் குழுவில் யாரோ உங்கள் எண்ணைப் பரப்பினால் சட்டம் உதவாது. இது வணிகப் பரிமாற்றங்களுக்கு மட்டும். அங்கே குழு நிர்வாகியிடம்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்ட சாட்ஜிபிடிகிட்ட காட்டி விளக்கம் கேக்குறேன். தப்பா?

தப்பில்லை. பெயர், ஐசி எண், மருத்துவமனைப் பதிவு எண் மூன்றையும் மறைத்துவிட்டுப் படம் எடுங்கள், உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் தெரிவை அமைப்பில் அணையுங்கள். மருந்தை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

பேரன் பள்ளிக்கூடம் போன முதல் நாள் படத்த முகநூல்ல போடலாமா?

போடலாம், முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சட்டையில் பெயர் பட்டை, அதன் மேல் பள்ளிச் சின்னம், பின்னால் வீட்டு எண், பக்கத்தில் கார் எண். குறிப்பில் "இன்று ஏழு வயது" என்று வேறு எழுதியிருப்பீர்கள். முகத்தை மட்டும் வெட்டிப் போட்டாலும் அழகாகத்தான் இருப்பான். மகனையும் மருமகளையும் கேட்டுவிட்டுப் போடுங்கள். இதில் வரும் குடும்பச் சண்டைகளுக்கு நான் பஞ்சாயத்துக்கு வர மாட்டேன்.

யார்கிட்ட போய்ப் புகார் சொல்றது? எங்க போனாலும் வேற எடத்துக்குப் போகச் சொல்றாங்க.

விஷயத்தைப் பொறுத்தது. விவரம் கசிந்தது, அனுமதியில்லாமல் பயன்படுத்தினார்கள் என்றால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம். பணம் மோசடி என்றால் 997, பிறகு போலீஸ். வாங்கிய போன் கெட்டது, புதியது என்று சொல்லிப் பழையதைக் கொடுத்தார்கள், பணத்தைத் திருப்பவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள், கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் வைக்க முடியாது. கடைக்காரரும் வக்கீலைக் கொண்டு வர முடியாது. எந்தக் கதவு என்று தெரியாவிட்டால் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே கேட்கலாம்.

போகும்போது ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீதின் எழுத்து சில மாதத்தில் மறைந்துவிடும்; வாங்கிய அன்றே ஒரு நகல் எடுத்து வையுங்கள். கடைக்காரரோடு பேசிய வாட்சாப் செய்திகளைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்செடுங்கள். குரல் செய்தி என்றால் அதில் என்ன சொன்னார் என்று ஒரு தாளில் எழுதி இணைத்துவிடுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மலாயில் எழுத வேண்டும், அதற்கு வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் யாரையாவது பிடித்துக்கொள்ளலாம்.